முட்டை ஆகாது என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்?

கேள்வி: ஃப்ளோரிடாவில் இருக்கும் என் கணவரின் அண்ணன், மாமியாருக்கு எழுபது வயது நிறைவதை ஒட்டி எங்கள் அனைவரையும் பத்து நாள் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு அழைத்திருக்கிறார். மகளின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் கிளம்புகிறோம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. கப்பல் கொலம்பியாவிலும் பனாமாவிலும் நிற்பதால், ஊர் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக்கூட யாரும் ஊசி கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது அவசியமா? தெரிந்த மருத்துவர் ஒருவர், முட்டை ஒவ்வாமை என்று விலக்குக் கடிதம் தருவதாகச் சொல்கிறார். மகளிடம் சொன்னபோது, "ஒண்ணாங் கிளாஸ்ல ஊசி போட வந்தப்பக் காய்ச்சல்னு சொல்லச் சொன்னீங்க, இப்ப முட்டை ஆகாதுன்னு சொல்லணுமா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். மாமியார் மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதால் அவருக்கும் இந்த ஊசி கூடாதாம். அவரும் மகளும் ஒரே அறையில் தங்குவதாக ஏற்பாடு. எப்படிச் சமாளிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுவதும் சான்றிதழைப் பற்றியதாக இருக்கிறது. மகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது, அதையும் "விளையாட்டாக" என்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். ஆறு வயதில் தான் சொன்ன ஒரு பொய்யை, அதைச் சொல்லச் சொன்னவர் யார், எதற்காகச் சொல்லச் சொன்னார் என்பது உட்பட ஒன்பது வருடமாக மனத்தில் வைத்திருக்கும் பெண் விளையாடவில்லை. அவள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல முடியாமல் அதை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அது எந்த ஊசி என்று எனக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்பே போட்டிருந்தாலும் மீண்டும் ஒரு தவணை போட வேண்டும் என்பது திட்டம். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் கரு தங்காது என்றார்கள். பெற்றோர் பலர் தயங்கியதால் முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு வந்த கடிதங்களிலும் இதே கதைதான். வயிற்றுவலி, காய்ச்சல், தாத்தா காரியம் என்று ஏதேதோ சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டதாகப் பல தாய்மார்கள் பெருமையாகவே எழுதியிருந்தார்கள்.

சகோதரி, ரூபெல்லா என்பது என்ன என்று அன்று யாரிடமாவது கேட்டீர்களா? கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு அது வந்தால் கரு கலைந்துபோகலாம். கலையாமல் பிறக்கும் குழந்தை கண்புரையோடும், காது கேளாமலும், இதயக் கோளாறோடும் பிறக்கலாம். அந்தக் கொடுமையைத் தடுப்பதற்காகவே பெண் குழந்தைகளுக்கு முன்கூட்டியே போடும் ஊசி அது, கர்ப்பமான பிறகு அதைப் போடவும் கூடாது. மகளின் தாய்மையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதற்குக் காவலாக வந்ததையே வாசலில் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அன்று அறியாமல் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு வந்த ஒன்பது வருடங்களில், வதந்தி வதந்திதான் என்று ஊருக்கே தெரிந்த பிறகும், விட்டுப்போன தவணையைப் போட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கப்பல் நிறுவனம் தட்டம்மை ஊசியைக் கேட்கவில்லை, அதனால் உங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை. எனக்கோ மஞ்சள் காய்ச்சலைவிட அதுதான் பெரிய கவலை. தட்டம்மைக் கிருமி, நோயாளி ஓர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அங்கே காற்றில் தங்கும். சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கும் இடத்தில், பதின்வயதுப் பிள்ளைகள் தமக்கென ஒதுக்கிய கூடத்தில் நள்ளிரவு வரை அரட்டை அடிக்கும் இடத்தில் இதற்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். 2019 ஏப்ரல் கடைசியில், நீங்கள் போகப்போகும் அதே கரீபியன் கடலில், செயின்ட் லூசியாத் தீவில் ஏறத்தாழ 300 பேர் இருந்த ஒரு கப்பலைத் துறைமுகத்தோடு நிறுத்தி, யாரையும் இறங்கவிடாமல் செய்தார்கள். காரணம் ஒரே ஒரு பணியாளருக்கு வந்த தட்டம்மை. நீங்கள் போய் இறங்கப்போகும் அமெரிக்காவிலும் 2025இல், 1992க்குப் பிறகு காணாத அளவுக்குத் தட்டம்மை பரவியது. உங்கள் மகளுக்கு ஒன்பதாவது மாதத்தில் ஒரு தவணை போட்டிருப்பீர்கள். அந்த வயதில் போடும் ஒற்றைத் தவணை நூற்றுக்கு 85 பேரைத்தான் காக்கிறது. ஒரு வயதுக்கு மேல் முறையாக இரண்டு தவணை போட்டால் 97 பேர்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மணல்வாரி அம்மை, அதாவது இதே தட்டம்மை, கண்டால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அந்தக் காய்ந்த கொத்தைப் பார்த்ததும் பால்காரர் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், கர்ப்பிணிகள் எதிர்ச்சாரியில் நடப்பார்கள். என் சித்தப்பா மகனுக்கு அப்படி ஒரு கோடையில்தான் அம்மையோடு காதில் சீழ் கட்டி, இடது காது நிரந்தரமாகக் கேட்காமல் போனது. இன்றைக்கும் அவன் எங்கே உட்கார்ந்தாலும் வலது பக்கத்தை நமக்குக் கொடுத்துத்தான் உட்காருவான். அந்த மனிதர்களிடம் ஊசி இல்லை, படிப்பும் அதிகமில்லை. ஆனாலும் தம் வீட்டு நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று ஊரறிய அறிவித்தார்கள். குடும்பம் என்றால் அந்தப் பொறுப்பும் சேர்ந்ததுதான் என்று நம்புகிறவள் நான். படித்த நீங்கள், எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு பொய்த்தாளைக் காட்டிவிட்டு ஆயிரம் பேர் நடுவே போய் உட்காரலாமா என்று கேட்கிறீர்கள்.

இனி மஞ்சள் காய்ச்சல். இந்தியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளாகக் கருதும் பட்டியலில் கொலம்பியாவும் பனாமாவும் இருக்கின்றன. அந்த நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாள் முடிவதற்குள், செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், அந்த ஆறு நாளின் மிச்சத்தைத் தனிமை முகாமில் கழிக்க வேண்டியிருக்கும். பதினைந்து வயதுக்குச் சலுகை கிடையாது. சில மாதக் கைக்குழந்தைக்குத்தான் விலக்கு. ஒரு பகல் மட்டும் துறைமுகத்தில் இறங்கி நடக்கிற உங்கள் மகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி அவளுக்காக மட்டும் எழுதப்பட்டது அன்று. டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில், பக்கத்துக் கடையின் பழைய டயரில் அந்தக் கொசு இருக்கிறது. கிருமி மட்டும்தான் நம் நாட்டில் இல்லை. நோய் முற்றிய கட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பத்து நாளுக்குள் இறந்துபோகிறார்கள். அந்தக் கிருமியை ஒருவரும் உடம்பில் சுமந்து வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் விமான நிலையத்தில் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்கிறார்கள்.

முட்டை விவகாரத்துக்கு வருகிறேன். இந்த ஊசி மருந்து கோழிக் கருவில் வளர்க்கப்படுவதால், கடுமையான முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் உங்கள் மாமியாரைப் போன்றவர்களுக்கும் உண்டு, ஏனென்றால் இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன ஊசி. அந்த விலக்கு அவரைப் போன்றவர்களின் உரிமை. போட்டுக்கொள்ளக்கூடிய உடம்புள்ளவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டால்தான், போட்டுக்கொள்ள முடியாத அந்த முதியவளுக்கு ஒரு வேலி கிடைக்கும். நீங்களோ அவருடைய உரிமையைப் பொய் சொல்லி மகளுக்கு வாங்கிக்கொண்டு, தட்டம்மைத் தவணையும் விட்டுப்போன அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அவர் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைக்கப் பார்க்கிறீர்கள். எழுபதாவது பிறந்தநாளுக்கு மருமகள் தரும் பரிசு இதுவா?

அந்தக் கடிதம் இருந்தாலும், வந்திறங்கும் இடத்துச் சுகாதார அதிகாரி அதைக் கருத்தில் கொள்வார் என்பதற்கு மேல் எந்த உறுதியும் கிடையாது. பொய்ச் சான்று எழுதுவது மருத்துவத் தொழில் ஒழுக்கத்தை மீறும் குற்றம் என்பது அந்த மருத்துவருக்கு நன்றாகவே தெரியும். அவரை விட்டு விலகுங்கள். இதையெல்லாம்விட, அந்தப் பெண் பத்து நாளும் காலையில் பெரியப்பா பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து, தனக்குப் பிடித்த ஆம்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த வாரமே நல்ல குழந்தை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தட்டம்மை, புட்டாளம்மை என்கிற பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியில் எத்தனை தவணை பாக்கி என்பதை அவர் முடிவு செய்வார். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். போட்ட ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சல் வரும் என்பதால் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். எம்எம்ஆரும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை ஆகையால் இரண்டுக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி விடுவது நல்லது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தேர்வு முடிந்த கையோடு போட்டால் உங்களுக்குக் காலம் சரியாக இருக்கும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அதைப் போட முடியும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், கிழமையும் நேரமும் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள்.

மாமியாரின் மருத்துவரிடம் உண்மையான கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தை நம்பி எழுபது வயதில் தனிமை முகாமில் உட்காரும் நிலைமை அவருக்கு வரலாம் என்பதையும் உங்கள் கணவரின் அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பஹாமாஸ், மெக்சிகோவின் கோசுமெல் என்று இந்தத் தொல்லையே இல்லாத வழித்தடங்கள் அதே ஃப்ளோரிடாவிலிருந்து நிறைய இருக்கின்றன. தாய்க்காகப் பணம் செலவழிக்கிற மகனுக்குக் கப்பலை மாற்றுவது பெரிய காரியமாகத் தெரியாது. வழித்தடம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படாமல் போகலாம். எம்எம்ஆர் கட்டாயம் போட்டாக வேண்டும்.

உங்கள் கணவர் தடுப்பார் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை, ஆகவே அந்தச் சாக்கை நான் ஏற்க மாட்டேன். மருத்துவரிடம் போகிற அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றாம் வகுப்பில் என்ன நடந்தது, ஏன் அந்தத் தவணை விட்டுப்போனது என்று அவர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். நடந்ததை அவளே சொல்லட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்.