கேள்வி-பதில்: விரிசல் விட்ட கியர்பாக்ஸ்

எங்களுடைய 11 வயது காருக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறோம். எஞ்சின் போய்விட்டதால் ஒரு பட்டறையில் வேறு எஞ்சின் மாற்றினோம். ஒரே வாரத்தில் அடியில் எண்ணெய்ச் சொட்டு. கியர்பாக்ஸ் கூட்டில், எஞ்சினோடு சேரும் போல்ட்டிலிருந்து கீழே விரிசல் ஓடுகிறது, அதன்மேல் சிலிக்கான் பசை தடவியிருக்கிறார்கள் என்று வேறு மெக்கானிக் காட்டினார். முதல் பட்டறையோ, “பழைய வண்டி, பழைய விரிசல், வெல்டிங் வைக்க 600 வெள்ளி” என்கிறது.
– வாசகி, உட்லண்ட்ஸ்

அந்த 600 வெள்ளியைக் கொடுக்காதீர்கள் அம்மா. பழைய விரிசல்தான் என்றால், சிலிக்கான் தடவியபோதே உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். பார்த்தும் சொல்லாமல் பூசி மறைத்ததே அவர்களுக்கு எதிரான சாட்சி.

சிலிக்கானைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள், சுரண்டிய பிறகும் எடுங்கள். கூடு அலுமினிய வார்ப்பு. புதிதாக உடைந்த இடம் வெளிறிய சாம்பல் நிறத்தில் மணல்மணலாகப் பளிச்சிடும். பல மாதம் இருந்த விரிசலுக்குள் எண்ணெயும் தூசியும் இறங்கிக் கறுத்திருக்கும். ஒரு வாரத்தில் கசிந்த எண்ணெயைத் துடைத்தாலே இது தெரியும். இரண்டாவது மெக்கானிக்கிடம் இதை எழுத்தில் வாங்குங்கள்.

எஞ்சின் மாற்றும்போது கூடு உடைவது அரிதல்ல. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேர்ப்படுத்த டோவல் பின்கள் உண்டு. அவை சரியாக உட்கார்ந்தால் இரண்டு முகமும் கைத்தள்ளலிலேயே ஒட்டிவிடும். ஆட்டோ கியர் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) முழுதாக உள்ளே போயிருக்கவும் வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல், இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்தால், போல்ட் மாட்டும் அலுமினியக் காது தாங்காது.

ஒழுங்கான ரிப்பேர் என்றால் கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவ வேண்டும். விரிசலின் முனை எங்கே என்று சாயம் விட்டுப் பார்த்து, அந்த முனையில் சிறு துளை போட்டு, விரிசலை ‘வி’ வடிவில் குடைந்து ஆர்கான் வெல்டிங் வைக்க வேண்டும். சூட்டில் முகம் கோணியிருந்தால் மட்டம் பிடிக்கவும் வேண்டும். விரிசல் பேரிங் அமரும் இடம்வரை போயிருந்தால் வேறு கூடுதான் வழி. வண்டியிலேயே வைத்து அடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரிப்பேர் செலவை அந்தப் பட்டறையே ஏற்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் கேஸ் என்கிற பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. வேலைக்குப் பணம் கொடுத்த தகராறும் அங்கே செல்லும். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வக்கீல் கிடையாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். பயப்படாமல் போங்கள்.

விரிசலுக்கு எபோக்சி பசை போதாதா?
– வாசகர், ஈசூன்

போல்ட் காதிலும் பேரிங் பக்கத்திலும் போதாது.

கியர்பாக்ஸ் பழுது பார்த்த பட்டறை “கியர்பாக்ஸ் வேலை – 1,450 வெள்ளி” என்று ஒரே வரியில் பில் தந்தது. விவரம் கேட்கலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

கேட்டே ஆக வேண்டும். இந்த ஒற்றை வரி பில்லைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு தடவை என் பழைய காருக்கு செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ் வாங்கினேன். வெள்ளிநிறச் சாயம் அடித்துப் புதிது போல் வைத்திருந்தார்கள், 900 வெள்ளி கொடுத்தேன். மூன்றாவது வாரம் புளோக்குக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எண்ணெய். சாயத்தை உரித்தால், மவுன்ட் காதில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், அதில் பட்டி அடைத்திருந்தது. என் கையில் இருந்த பில்லில் “கியர்பாக்ஸ் 1” என்று மட்டும்தான். எந்த எண், எந்த நிலை, எத்தனை நாள் உத்தரவாதம், ஒன்றுமில்லை. “இது எங்க சரக்கே இல்லை” என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கூலி தனி, உதிரிபாகம் தனி, வெல்டிங் தனி, எண்ணெய் தனி என்று எழுதச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் எண்ணும் உத்தரவாத நாளும் பில்லில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சாயம் அடித்த கூட்டை வாங்காதீர்கள், சுத்தமாகக் கழுவிய வெறும் அலுமினியமாகக் காட்டச் சொல்லுங்கள். “பணத்தைக் கொடுத்தாச்சே” என்று கூச்சப்படாதீர்கள். உழைத்துச் சேர்த்த 1,450 வெள்ளிக்கு ஒரு பக்கக் கணக்கு கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இணையத்தில் ஒருவரிடம் ஹாஃப் கட் (வெட்டிய பழைய காரின் முன்பாதி) எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்த்து 2,300 வெள்ளிக்கு வாங்கினேன். ரொக்கம், ரசீது இல்லை, நேரில் பார்க்கவில்லை. வந்ததும் பார்த்தால் கூட்டின் ஒரு காது உடைந்திருக்கிறது. லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) உதவுமா?
– வாசகர், சுவா சூ காங்

தம்பி, படத்தை மட்டும் பார்த்து 2,300 வெள்ளியை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். லெமன் சட்டம் செகண்ட் ஹேண்ட் பொருளுக்கும் உண்டு. 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. ஆனால் அது வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டும். தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. அவர் அடிக்கடி இதே சரக்கை விற்பவரா என்று அவருடைய விளம்பரங்களைப் பாருங்கள், அப்படியென்றால் வியாபாரி என்று வாதிடலாம். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், உங்களிடம் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

மலேசியாவின் ஜோகூரில் இந்த வேலை பாதி விலை என்கிறார்கள். போகலாமா?
– வாசகர், மார்சிலிங்

அங்கே கைதேர்ந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் தகராறு வந்தால் வேலையை விட்டுவிட்டுப் பாலம் தாண்டிப் போய் நிற்க வேண்டியது நீங்கள்.

எஞ்சின் மாற்றியதை எல்டிஏவிடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) சொல்ல வேண்டுமா?
– வாசகி, பொங்கோல்

ஆமாம். பதிவில் இருக்கும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டறைக்காரர் “நாங்க பார்த்துக்கிறோம்” என்றால், மாற்றிய பதிவைக் காட்டும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.