இன்ஜின் சூடானால் ‘போர்’ அடித்துத்தான் ஆகவேண்டுமா?

திண்டுக்கல்லில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “2006 மாடல் மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன். பாத்திரமும் ஆட்களுமாக ஏற்றிப்போவேன். ஒரு மாதமாக சிறுமலை ஏற்றத்தில் ஹீட் முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகக் கொஞ்சம் புகை வருகிறது. ‘இன்ஜின் போச்சு, போர் அடிக்கணும், 45,000 ஆகும்’ என்கிறார் மெக்கானிக். இன்னொருவர், வேறு வண்டி இன்ஜினை 22,000-க்கு மாட்டித் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?”

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். போர் அடிப்பது என்றால், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் தேய்ந்துபோனால் அதன் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சூடாவதும் தண்ணீர் குறைவதும் ஒன்று, நீலப்புகை வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு ‘இன்ஜின் போச்சு’ என்று சொல்லிவிட்டால் மெக்கானிக்குக் கண்டுபிடிக்கிற வேலை மிச்சம். போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, அதே அடைபட்ட ரேடியேட்டரை மாட்டி அனுப்பினால் அடுத்த ஏற்றத்தில் முள் மறுபடி சிவப்புக்குத்தான் போகும்.

முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் ஹோஸ் கிளாம்ப்பில் சொட்டுவது, வாட்டர் பாடி என்கிற வாட்டர் பம்ப்பிலிருந்து கசிவது எதுவும் சாதாரணமாகக் கண்ணில் படாது. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். உங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த உப்பு நன்றாகவே கண்ணில் படும். அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்து அடைக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். மூடியின் விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது ஃபேன். வண்டியை நிறுத்திவைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது காற்று கிடையாது, ஃபேன்தான் எல்லாம். ‘சமவெளியில் ஒன்றுமில்லை, மலையில் மட்டும் சூடாகிறது’ என்றால் ஃபேன் சுவிட்சையும் ரேடியேட்டர் அடைப்பையும் பார்க்காமல் இன்ஜினைக் கழற்றக் கூடாது.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. சூடாகிறது என்று போனாலே, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று கழற்றி எறிவது நம் பட்டறைகளில் பரம்பரை வைத்தியம். அதனால் நோய் தீராது, மறையும். சமவெளியில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித் தள்ளும். மைலேஜ் குறையும். அப்புறம் அதற்கும் ஒரு வைத்தியம், அதற்கும் ஒரு பில்.

வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைகிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் வரவேண்டும். காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மட்டும், மூடியைத் திறந்து தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே சிக்கிய காற்று கொஞ்சம் குமிழ்விட்டு அடங்கிவிடும். அடங்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலும் அதே கதை. ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்நுரை இருந்தால் பயப்படாதீர்கள். பக்கத்துத் தெருவுக்கே ஓடும் வண்டியில் ஈரம் கட்டி அப்படி வரும். அதைக் காட்டிப் பயமுறுத்தி ஹெட்டைக் கழற்றுபவர்கள் உண்டு.

கேஸ்கெட்டே போயிருந்தாலும் இன்ஜின் போனதாக அர்த்தமில்லை. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் மட்டம் பார்த்து, கோணியிருந்தால் ஃபேஸிங் அடித்து (மட்டமாகச் சீவி), புது கேஸ்கெட்டும் கூடவே புது டைமிங் பெல்ட்டும் போட்டால் முடிந்தது. உங்கள் இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் முதலில் கோணுவது ஹெட்தான்.

இனி நீலப்புகை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், 45,000 ரூபாய் நிற்பது இதன்மேல்தான். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அதில் தகராறு இல்லை. ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒருமுறை வந்து, பிறகு சுத்தமாகிவிட்டால் அது வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். சீல் ரப்பர் காய்ந்துபோய், மேலே நின்ற ஆயில் இரவில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைத்தாலும் பெரும்பாலும் அதுவே. இதற்குப் போர் தேவையே இல்லை. கேஸ்கெட்டுக்காக ஹெட்டைக் கழற்றும் அன்றே சீலையும் மாற்றிவிடலாம். லோடோடு ஏறும்போது விடாமல் புகைக்கிறது, ஆயில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகைவண்டி மாதிரி பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) தள்ளுகிறது என்றால்தான் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்), பிஸ்டன், போர் பேச்சு. நீங்கள் எழுதியிருப்பது காலைப் புகை மட்டும்.

இதைப் பட்டறையில் உறுதிசெய்ய ஒரு கருவி இருக்கிறது: கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் மீட்டர். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க அரை மணி நேரம் போதும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். இந்தக் கேஜ் ஒன்றும் தங்கத்தில் செய்ததில்லை. வாசலில் ஆறு வண்டி நிற்கும் பட்டறையில்கூட ‘சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்’ என்கிறார்கள். சத்தத்துக்கா 45,000 தருவது? கேஜ் இல்லாத இடத்தில் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள்.

அளந்த பிறகும் போர்தான் என்றால் சரி. இந்த 796 சி.சி. இன்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 68.5 மில்லிமீட்டர். 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (பெரிதாக்குவது) என்றால் 69 ஆக வேண்டும். லேத்காரர் அளந்த கணக்கைத் தாளில் வாங்குங்கள். கழற்றிய பழைய பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 22,000 ரூபாய்க்காரர். மாட்டப்போகும் இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. என்ன ஆனது, உங்கள் பெயருக்கு பில் உண்டா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்’ என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ‘பார்த்துக்கொள்பவர்’ கமிஷனோடு போய்விடுவார்; வேறு நம்பர் இன்ஜினோடு நிற்கப்போவது நீங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் விபத்து நாளில் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு இது இன்னும் நெருக்கடி. 2006 வண்டி என்றால் 15 வருட ஆர்.சி. 2021-இல் முடிந்து, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருப்பீர்கள். அடுத்த புதுப்பிப்புக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பார்ப்பார். 20 வருடம் தாண்டிய கார், வேனுக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆன்லைனில் பணத்தை வாங்கிக்கொள்ளும் வேகம், இன்ஜின் நம்பரை மாற்றித் தருவதில் மட்டும் காணாமல் போகிறது. நேர்மையாக விண்ணப்பிப்பவரை நாலு தடவை நடக்கவைத்து, ஐந்தாவது தடவை வாசலில் நிற்கும் புரோக்கரிடம் தள்ளிவிடுகிற ஏற்பாடு இது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பிளாக்கில் விரிசல் விழாதவரை இன்ஜினை மாற்றவே மாற்றாதீர்கள்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதுவரை முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி நிறுத்தி, ஆறவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சிறுமலை ஆர்டர் ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அன்றைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.