தேவனுக்குப் பயப்படுவது ஒரு கிறிஸ்தவரின் அன்றாட வாழ்வில் எப்படி வெளிப்படுகிறது?

'தேவபயம்' என்றதும் தண்டனைக்கு அஞ்சி நடுங்குவதையே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; சிறுவயதில் நானும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். ஆனால் சீனாய் மலையருகே இடிமுழக்கத்தைக் கேட்டுப் பின்வாங்கி நின்ற மக்களிடம் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லும் மோசே, அவர்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் அவர்கள் முன்பாக இருக்க வேண்டும் என்றும் அடுத்தபடியாகச் சொல்கிறார் (யாத்திராகமம் 20:20). விலகி ஓடச்செய்யும் அச்சம் வேறு, தவறு செய்யக் கூசவைக்கும் பயபக்தி வேறு.

இந்தப் பயபக்திக்கு அன்றாடத்தில் எங்கே வேலை என்பதை எனக்குக் காட்டியது வேதாகமத்தின் கட்டளை நூல்களில் ஒன்றான லேவியராகமம்தான். "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்ற கட்டளை அதன் 19, 25 ஆம் அதிகாரங்களில் ஐந்து இடங்களில் வருகிறது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே, முதிர்வயதுள்ளவரைக் கனம்பண்ணு, விற்பதிலும் வாங்குவதிலும் அநியாயம் செய்யாதே, தரித்திரப்பட்ட சகோதரனிடம் வட்டி வாங்காதே, உன்னிடம் சேவிக்கிறவனைக் கொடூரமாய் ஆளாதே என்று, ஒவ்வொரு முறையும் அது இன்னொரு மனிதரை நடத்தும் விதத்தோடு சேர்ந்தே வருகிறது. காது கேளாதவருக்கு வசவு கேட்காது. பார்வையற்றவருக்குத் தடுக்கலை வைத்தது யாரென்று தெரியாது. முறையிட முடியாத அவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஒருவர் உண்டு என்று உணர்ந்து நடப்பதையே நான் தேவபயம் என்று கொள்கிறேன்.

உடன் வேலை செய்பவர் விடுப்பில் இருந்த ஒரு நாளில், கணக்கில் நேர்ந்த பிழைக்கு அவரே காரணம் என்று மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பிழையில் பாதி என்னுடையது. அனுப்பப்போகும் நேரத்தில் அந்த வசனம் நினைவுக்கு வந்தது; அங்கே இல்லாத அவரும் அப்போது காது கேளாதவர்தானே என்று தோன்றியது. எழுதியதை அழித்துவிட்டு, எந்த இரண்டு வரிகளை நான் சரிபார்க்காமல் விட்டேன் என்பதை முதலில் எழுதி அனுப்பினேன். பதில் கடுமையாகத்தான் வந்தது.

அதிகாரம் கையில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம். முந்தின அதிபதிகள் மக்களிடம் அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கிவந்திருக்க, யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா அந்தப் பதவியில் இருந்த 12 வருடமும் தமக்குரிய உணவுப்படியை வாங்கவில்லை. தேவனுக்குப் பயந்ததே அதற்குக் காரணம் என்று அவரே எழுதுகிறார் (நெகேமியா 5:14, 15). தமக்கு உரிமையானதையே, மக்களின் பாரத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தார் என்பது என்னை மிகவும் தொட்ட செய்தி.

தவறிப்போகும் நாட்களும் உண்டு. "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்கிறது 130 ஆம் சங்கீதம். மன்னிப்புக் கிடைத்தால் பயம் நீங்கிவிடும் என்றுதான் எண்ணத் தோன்றும். சங்கீதக்காரரோ மன்னிப்பிலிருந்தே பயபக்தி பிறக்கிறது என்கிறார். மாலையில் பிள்ளையிடம் கோபத்தில் கத்திவிட்டு, இரவு ஜெபிக்க முழங்காலிட்டபோது ஒரு வார்த்தையும் வராமல், எழுந்துபோய் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து ஜெபத்தைத் தொடர்ந்த இரவுகள் எனக்குப் பல உண்டு.