கண்டெடுத்த குண்டுகளின் வயது

வணக்கம் ஐயா,

இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இல்லை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். நண்பர் ஒருவர் இரண்டு செய்திகளைக் காட்டினார். 2008இல் அங்கிருந்து 550 டன் யுரேனியம் கனடாவுக்குப் போயிருக்கிறது. 2014இல் நியூயார்க் டைம்ஸ், அமெரிக்கப் படையினர் அங்கே சுமார் 5,000 ரசாயனக் குண்டுகளைக் கண்டெடுத்ததாக எழுதியது. தேடிப் பார்த்தேன், இரண்டும் உண்மையான செய்திகள்தான். அப்படியானால் ஆயுதங்கள் இருந்தனவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேடிப் பார்த்தது நல்லது. ஆனால் செய்தி உண்மையா என்பதோடு நின்றுவிட்டீர்கள். எந்தக் கூற்றை அது நிரூபிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2003 போருக்கு முன் அமெரிக்கா சொன்னது, இராக் அதிபர் சதாம் உசேன் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைக் குவித்து வைத்திருக்கிறார், அணு ஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டார் என்பது. 2014 செய்தியில் வரும் குண்டுகளோ 1991க்கு முன் செய்யப்பட்டு, துருப்பிடித்துக் கிடந்தவை. அந்தச் செய்தியே இதைத் தெளிவாகச் சொல்கிறது. சதாமிடம் ஒரு காலத்தில் ரசாயன ஆயுதம் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் அதனால்தான் செத்தார்கள். அந்த யுரேனியமும் பழைய சரக்கு. பாக்தாத் அருகே துவைதா அணு மையத்தில் இருந்ததை சர்வதேச அணுசக்தி முகமை முன்பே அறிந்து, முத்திரையிட்டுக் கண்காணித்து வந்தது. செறிவூட்டாமல் அதை வைத்துக் குண்டு செய்ய முடியாது.

அதற்காகப் பத்திரிகையில் வந்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. 2002 செப்டம்பர் 8 அன்று அதே நியூயார்க் டைம்ஸ், இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுத் திட்டத்துக்கானவை என்று அரசு அதிகாரிகளை ஆதாரமாக வைத்து எழுதியது. அன்றைக்கே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டிப் பேசினார். கேட்டவர்களுக்கு இரண்டு சாட்சிகள் போலத் தெரிந்தது. ஊற்று ஒன்றுதான். அவை சாதாரண ராக்கெட்டுக்கான குழாய்கள் என்று அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்களே கருதினார்கள். அப்போது நைட் ரிடர் பத்திரிகை நிறுவனத்தின் செய்தியாளர்கள் ஜொனாதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் மேல்மட்டத்தை விட்டுவிட்டு, விவரம் தெரிந்த இடைநிலை அதிகாரிகளிடம் கேட்டுச் சந்தேகங்களை எழுதினார்கள். அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

இராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று 2003 மார்ச் 7இல் சர்வதேச அணுசக்தி முகமையின் அன்றைய தலைவர் முகமது எல்பரதேய் ஐ.நா. பாதுகாப்பு சபையிலேயே சொன்னார். இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை தந்தது.

அப்புறம், 2014 செய்தியை நண்பரையும் முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பழைய குண்டுகளால் குறைந்தது 17 அமெரிக்கப் படையினரும் 7 இராக்கிய போலீஸாரும் நச்சுக்கு ஆளானார்கள். விஷயம் ரகசியமாக வைக்கப்பட்டதால் படையினர் சிலருக்குச் சரியான சிகிச்சைகூடக் கிடைக்கவில்லை. செய்தியின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியதுதான்.