கொடுப்பனவை மறுத்துவிட்டார்களா? வாசகர் கேள்விகளுக்கு எமது பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலிருந்தே மூளைவாதம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கேட்டு விண்ணப்பித்தோம். "உங்களுக்குத் தகுதி இல்லை அம்மா" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடிதம் எதுவும் தரவில்லை. இனி என்ன செய்வது?
- தாய் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வாயால் சொன்ன மறுப்போடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள் அம்மா. காரணம் என்னவென்று தெரியாமல் மேன்முறையீடு எழுதினால், முதல் விண்ணப்பத்தில் சொன்னதையே திரும்பவும் சொல்வீர்கள். பதிலும் பழைய பதிலாகவே வரும்.

காரணத்தை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுத்த அரச உத்தியோகத்தர், பாதிக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆகவேண்டும். இந்தப் பிரிவைப் பலர் அறியார். இலக்கத்தோடு குறிப்பிட்டு எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. (வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாசகர்களுக்குத் திம்பிரிகஸ்யாய.) பிரதேச செயலாளருக்குக் காரணம் கேட்டு ஒரு கடிதமும், அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குப் பிரதிகள் கேட்டு ஒரு விண்ணப்பமும் கொடுங்கள். கேட்கவேண்டிய பிரதிகள்: உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பதிவுசெய்த தரவுப் படிவம், கோப்பிலுள்ள வைத்திய அறிக்கை, மறுப்புத் தீர்மானம் எழுதப்பட்ட பக்கம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையிடலாம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அஸ்வெசும (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச நலன்புரித் திட்டம்) மேன்முறையீடுகளுக்கு நலன்புரி நன்மைகள் சபை முடிவுத் திகதி அறிவிப்பதுண்டு. அந்தத் திகதி நெருங்கியிருந்தால் காரணக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். "காரணமும் பிரதிகளும் கேட்டுள்ளேன், கிடைத்ததும் மேலதிக விபரம் தருவேன்" என்று எழுதி மேன்முறையீட்டை உடனே போட்டுவிடுங்கள். திகதி பற்றிய சந்தேகத்துக்குச் சபையின் 1924 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.

இனி காரணத்துக்கு வருவோம். 2025இல் மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட இந்தக் கொடுப்பனவு குறைந்த வருமானமுள்ளோருக்கானது. அதனால் விண்ணப்பம் இரண்டு இடத்தில் தடுக்கப்படலாம். ஒன்று குடும்பத்தின் பொருளாதார நிலை, மற்றது மகனின் இயலாமை. எதில் தடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கடிதம் அமையவேண்டும். வருமானத்தைக் காட்டி மறுத்திருந்தால், எத்தனை வைத்தியச் சான்றிதழ் இணைத்தாலும் பயனில்லை.

பொருளாதார நிலைதான் காரணமென்றால், தரவுப் படிவத்தை வரிவரியாகப் பாருங்கள். மின்பாவனை, வாகனம், வீடு, சொத்து, குடும்பத்தவர் எண்ணிக்கை என்று பல குறிகாட்டிகளை வைத்துத்தான் அளக்கிறார்கள். கொழும்பின் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே மின்மானியில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது வழமை. பில் யார் பெயரில் வருகிறதோ அந்தக் குடும்பத்தின் தலையில் எல்லா அலகுகளும் விழுந்துவிடும். அப்படியானால் அதே மானியைப் பாவிக்கும் மற்றக் குடும்பங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் வாங்கி இணையுங்கள். விற்றுவிட்ட முச்சக்கரவண்டி இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் முதலில் உரிமை மாற்றத்தை முடியுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மூத்த பிள்ளையை வீட்டிலிருப்பவராகப் பதிந்திருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள்.

இயலாமைதான் கேள்வியென்றால் குறை பெரும்பாலும் சான்றிதழில் இருக்கும். "மூளைவாத நோயாளி, கிளினிக் வருகிறார்" என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. அரச வைத்தியர் நோயின் பெயரோடு, எப்போதிருந்து, நிரந்தரமா, எதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதையும் எழுதவேண்டும். கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே வீட்டிலேயே அரைப்பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். "வலது கையால் கோப்பையைப் பிடிக்க முடியாது. சோறு ஊட்டவேண்டும். கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இரவில் இரண்டு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்." இப்படிப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் வைத்தியருக்கும் சான்றிதழ் எழுதுவது இலகு. கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை எல்லாவற்றின் போட்டோ பிரதியையும் இணையுங்கள். மூலப் பிரதியை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச்சொல்லி என் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அது சரியா?
- வாசகர், மட்டக்குளி

பதில்: சரியல்ல. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. திரும்பவும் வாங்க மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முறைப்பாடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வி: மேன்முறையீட்டையும் நிராகரித்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகர், தெமட்டகொட

பதில்: போடலாம், ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டு செயற்படவேண்டும். சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்குக் கிடைப்பது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பலர் தவறவிடுவது இங்கேதான். முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததற்கு ஆணைக்குழுவின் கடிதத்தைக் காட்டவேண்டி வரும். சட்டத்துக்கோ நடைமுறைக்கோ மாறாக மறுத்திருந்தால் அந்தத் தீர்மானத்தை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் எழுத்தாணை மனு இன்னொரு வழி. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாவிட்டால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு, மறுப்புக் கடிதத்தையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் தங்கச்சி கிழக்கு லண்டனில் இருக்கிறா. முடக்குவாதத்தால் கை கால் மூட்டெல்லாம் வீக்கம். பிப் (PIP) என்று பிரித்தானிய அரசு நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் உதவிப்பணம் கேட்டதற்கு மொத்தம் நான்கு புள்ளி போட்டு மறுத்துவிட்டார்கள். தபால் வந்து இரண்டு கிழமை. "விடுங்கோ அக்கா, ஏலாது" என்கிறா. இங்கிருந்து நான் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
- அக்கா ஒருவர், வெள்ளவத்தை

பதில்: விடச் சொல்லாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கவேண்டும், ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கே தொலைபேசியில் கேட்டு, கடிதத்தாலும் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அதே அழைப்பில், மதிப்பீடு செய்தவர் எழுதிய அறிக்கையின் பிரதியையும் கேட்கட்டும். எந்த இடத்தில் எந்தப் பொய்யோ பிழையோ பதிவாகியது என்பது அதில்தான் தெரியும்.

பிப்பில் நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை. அன்றாட வாழ்வில் பத்துச் செயல்கள், நடமாட்டத்தில் இரண்டு. ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி வந்தால் சாதாரண தொகை, 12 வந்தால் கூடிய தொகை. இரண்டு பகுதிகளின் புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டுவதில்லை. ஆகவே அந்த நான்கு எந்தப் பகுதியில் விழுந்தது என்று முதலில் பார்க்கட்டும்.

அடுத்தது மிக முக்கியம். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்வதற்கு, அதை ஆபத்தில்லாமல், ஓரளவு ஒழுங்காக, தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரமல்ல. இந்த நிலை பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "சமைப்பீங்களா?" என்று கேட்டால் "ஓம், சமாளிப்பன்" என்று சொல்லிவிடுவார்கள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கப் புருஷன் வரவேண்டும், வெங்காயம் வெட்டினால் பிறகு ஒரு மணித்தியாலம் விரல் மடங்காது என்பதைச் சொல்லமாட்டார்கள். சாதாரண சாப்பாடு ஒன்று சமைக்க இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் அதற்கே 4 புள்ளி. ஐம்பது மீற்றருக்கு மேல் நடக்க முடியும், ஆனால் இருநூறுக்கு மேல் முடியாதென்றால் 4. இருபதுக்கு மேல் ஐம்பது மீற்றர் வரைதான் தனியாக முடியுமென்றால் 8.

தங்கச்சியை இரண்டு கிழமைக்கு ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். காலையில் பொத்தான் பூட்ட எத்தனை நிமிடம், யார் உதவினார்கள், நடந்துவிட்டு எவ்வளவு நேரம் படுத்திருந்தா என்று. நல்ல நாளையும் ஒளிக்காமல் எழுதட்டும், அதுதான் மற்ற நாட்களை நம்பவைக்கும். புருஷனும் தான் என்ன செய்கிறார் என்று தனிக் கடிதம் எழுதலாம்.

மீள்பரிசீலனையிலும் மறுத்தால் அந்த அறிவிப்புத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. இதற்குக் கட்டணமில்லை. நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், மாற்றுத்திறன் பற்றிய அனுபவமுள்ளவர் ஒருவர் என மூவர் கேட்பார்கள். படிவத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று குறிப்பிடுங்கள். அதுவும் இலவசம், வீட்டுக்காரரை மொழிபெயர்க்க விடமாட்டார்கள். தீர்ப்பாயம் பார்ப்பது முதல் மறுப்பு எழுதப்பட்ட நாளில் நிலை எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு நோய் கூடியிருந்தால் அதற்கு வேறு விண்ணப்பம் போடவேண்டும். ஏற்கெனவே கொஞ்சம் உதவிப்பணம் கிடைப்பவர்கள் மேன்முறையிடும்போது அதுவும் குறையக்கூடும், ஆனால் தங்கச்சிக்கு ஒன்றுமே கிடைக்காததால் அந்தப் பயம் இல்லை. உள்ளூரிலுள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் படிவம் நிரப்ப இலவசமாக உதவுவார்கள். மறுப்புக் கடிதத்தோடு இந்தக் கிழமையே போகச் சொல்லுங்கள்.