சுவிட்ச் போர்ட்டின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் கையால் அமைப்பது சரியா?

சுவிட்ச் போர்ட்டை (நெட்வொர்க் கருவிகளை இணைக்கும் சுவிட்சின் கேபிள் துளையை) 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) என்று நிலையாக அமைத்த பிறகு சர்வர் இணைப்பு மந்தமானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வரின் நெட்வொர்க் கார்டு இன்னும் ஆட்டோவிலேயே, அதாவது அமைப்பைத் தானாகத் தேர்ந்துகொள்ளும் நிலையிலேயே, இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆட்டோ நெகோஷியேஷனில் இரு முனைகளும் தத்தம் திறன்களை அறிவித்து, இருவருக்கும் பொதுவானவற்றுள் சிறந்ததைத் தேர்ந்துகொள்கின்றன. ஒரு முனையைக் கையால் அமைத்தால் பல கருவிகள் அந்த அறிவிப்பையே நிறுத்திவிடுவதால், மறுமுனை சிக்னலின் தன்மையிலிருந்து வேகத்தை மட்டும் கண்டறிந்து, டூப்ளெக்ஸை அறிய வழியின்றி, ஐட்ரிபிள்ஈ 802.3 என்னும் ஈதர்நெட் தரநிலையின்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பும் முறைக்கு) சென்றுவிடும். இது ஏமாற்றும் கோளாறு: போர்ட்டின் விளக்கு எரியும், பிங் என்னும் சிறு சோதனைச் செய்திக்குப் பதில் வரும், பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் வேகம் சரியும். ஹாஃப் முனை, மறுமுனை அனுப்புவதை மோதலாகக் கருதித் தான் அனுப்பும் ஃபிரேமை (தரவுத் துண்டை) பாதியில் கைவிடுகிறது. ஆகவே அங்கே லேட் கொலிஷன் (தாமதமாகக் கண்டறியப்படும் மோதல்) எண்ணிக்கையும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழைகளும் (சிதைந்து வந்த ஃபிரேம்களைக் காட்டும் சரிபார்ப்புப் பிழைகள்) ஏறிக்கொண்டிருக்கும். முதலில் இவ்விரண்டையும் பாருங்கள்.

இரு முனைகளையும் ஆட்டோவில் விடுவதே என் உறுதியான பரிந்துரை. செப்புக் கம்பியில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டில், எந்த முனை கடிகாரத்தை (சிக்னலின் நேர ஒத்திசைவை) வழிநடத்தும் என்பதும் இதன் மூலமே முடிவாவதால், ஆட்டோ அங்கே கட்டாயம். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டுமானால், ஆட்டோவை அணைக்காமல், அறிவிக்கும் திறன்களை மட்டும் சுருக்குங்கள். ஆட்டோ அறியாத பழைய கருவியாயின், இரு முனைகளிலும் ஒரே மதிப்பை அமைத்து, அதைக் குறித்து வையுங்கள். கார்டை மாற்றும் அடுத்தவருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.