மெமரியை ஏஜென்ட் படிக்கலாம், தொடக்கூடாது

மாரத்தஹள்ளி நண்பருக்கு, ‘மெமரியைப் படிக்க மட்டும் செய்’ என்று எழுதிக் கொடுத்தும் உங்கள் ஏஐ ஏஜென்ட் தன் மெமரியில், அதாவது நினைவுக் கிடங்கில், இருந்த வாடிக்கையாளர் குறிப்புகளை அழித்துவிட்டது என்கிறீர்கள். அறிவுறுத்தல் வெறும் வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையில் ஒரு கருவிக்கு ‘ரீட் ஒன்லி ஹின்ட்’ (படிக்க மட்டும்) என்று குறியிடலாம். அதுவும் கருவிகளைத் தரும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, நம்பி உட்காராதீர்கள். நீங்கள் நிறுவியிருக்கும் மாதிரி மெமரி சர்வரில் 9 கருவிகள். சேமித்த குறிப்புகளின் முழு வரைபடத்தைப் படிப்பது, தேடுவது, குறிப்பிட்ட பதிவைத் திறப்பது ஆகிய 3 மட்டுமே வாசிப்புக்கு. மற்ற 6-ம் சேர்ப்பவை, அழிப்பவை. அந்த 3-ஐ மட்டும் அனுமதிப் பட்டியலில் வையுங்கள். தடைப் பட்டியல் வேண்டாம். அடுத்த பதிப்பில் புதிய கருவி வந்தால் கேட்காமலே நுழைந்துவிடும்.

ஏஜென்டிடம் ஷெல், அதாவது கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் வசதி, இருக்கிறதா? இருந்தால் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஏஜென்ட் ஓடும் டாக்கரில் (தனித்து அடைத்த பெட்டி போன்ற சூழல்) மெமரி கோப்பைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணைத்துக் கொடுங்கள். கோரமங்களா அலுவலகத்தில் இதை மறந்து நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

படிப்பதிலும் ஆபத்து உண்டு: ஒருவருடைய குறிப்பு இன்னொருவருக்கான பதிலில் கசியும். வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுங்கள்.